மெஷின் வாங்கிவிட்ட தம்பி தங்கைகளுக்கு



வாரத்துக்கு நாலைந்து பேர் எனக்கு ஒரே மாதிரிப் படம் அனுப்புகிறீர்கள். கட்டில் விரிப்பின் மேல் பரப்பிவைத்த டாட்டூ கிட். இரண்டு மெஷின், ஒரு பவர் சப்ளை, கண் மருந்துக் குப்பி அளவில் இருபது கலர் இங்க், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிராக்டிஸ் ஸ்கின். படத்துக்குக் கீழே கேள்வி: "அக்கா, ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்டு கையில போடப்போறேன். எத்தனை வோல்ட் வைக்கணும்?"

ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி மாளவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். மதுரையில் பதினோரு வருஷமாக இந்த வேலையில்தான் சோறு சாப்பிடுகிறேன். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெட்டியை இப்போதைக்கு மூடி பீரோ மேல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஃப்ரெண்டோடு படத்துக்குப் போங்கள். வோல்ட்டைக் கேட்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை எனக்கு யாரும் சொல்லித்தராததால் ஒரு பெண்ணின் கை கெட்டது.

அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் நான் முதல் கோர்ஸில் சேர்ந்தேன். மூன்று நாள். முதல் நாள் டாட்டூவின் வரலாறு, இரண்டாம் நாள் மெஷினைக் கழற்றி மாட்டுவது, மூன்றாம் நாள் வாழைப்பழத் தோலில் ஒரு நட்சத்திரம். சாயங்காலம் சான்றிதழ் கொடுத்துக் குரூப் போட்டோ எடுத்தார்கள். கிளவுஸை எப்போது மாற்றவேண்டும், போட்ட நீடிலை எங்கே போடவேண்டும் என்று அந்த மூன்று நாளில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் என் பள்ளித்தோழி மணிக்கட்டின் உள்பக்கத்தை நீட்டினாள், மகள் பெயரைப் போடச் சொல்லி. போட்டேன். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும், ஈரச் சுவரில் நீலம் கசிகிற மாதிரி ஒரு நிழல் படர்ந்திருந்தது. தொழிலில் இதை ப்ளோ அவுட் என்போம். நீடில் போகவேண்டிய ஆழத்தைத் தாண்டிப்போனால், இங்க் கீழேயுள்ள கொழுப்பு அடுக்கில் இறங்கிப் பக்கவாட்டில் பரவிவிடும். மணிக்கட்டின் உள்பக்கத் தோல் மெல்லியது, அங்கே இது சீக்கிரம் நடக்கும். டச்சப் செய்து சரியாக்குகிற தப்பு இல்லை இது. அவள் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் அந்த இடத்தை மறைக்கிற மாதிரி அகலப் பட்டை வாட்ச்தான் கட்டுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் மெஷினைத் தொடவில்லை. சென்னையில் ஒரு மூத்த கலைஞர் உதவிக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். "கூட்டுறதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னா வா" என்றார். ஏழு மாதம் கூட்டினேன், துடைத்தேன், ஸ்டென்சில் எடுத்தேன், அவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தேன். நான் உருப்படியாகக் கற்றது அந்த ஏழு மாதத்தில்தான்.

ஒரு நாள் மதியம் அவர் செய்ததைச் சொல்கிறேன். கிண்ணத்தில் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, கிளவுஸ் போட்ட என் விரல்களை அதில் முக்கச் சொன்னார். "இதுதான் கஸ்டமரோட ரத்தம். இப்ப வேலையைப் பாரு" என்றார். மேஜையில் பிராக்டிஸ் ஸ்கின் இருந்தது. நான் மெஷினை எடுத்தேன், இங்க் கப்பில் தொட்டேன், கோடு இழுத்தேன், துடைத்தேன். வெளிச்சம் போதவில்லை, விளக்கைக் கொஞ்சம் இழுத்தேன். ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தேன். போன் அடித்தது, யாரென்று பார்த்தேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன். அரைமணி கழித்து அவர் ஒன்றும் பேசாமல் என்னை எழுப்பி அறையைச் சுற்றிக் காட்டினார். விளக்கின் கழுத்தில் சிவப்பு. ஸ்ப்ரே பாட்டிலில், பவர் சப்ளையின் குமிழில், டிஷ்யூ கட்டின் உள்ளே இன்னும் எடுக்காத தாள்களில், போனில் எல்லாம் சிவப்பு. கண்ணாடியில் பார்த்தால் என் புருவத்துக்கு மேலே ஒரு விரல் தடம். நிஜ வேலையில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நீங்கள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். பத்து ரூபாய்க் குங்குமம் போதும். ஒரு மணி நேரம் வேலை செய்து, மெஷினையும் இங்க் கப்பையும் பிராக்டிஸ் ஸ்கின்னையும் தவிர வேறெங்கும் சிவப்பு இல்லை என்கிற நாள் வரும்வரை மனிதத் தோலைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை வந்தவரின் ரத்தம் விளக்கின் கழுத்தில் ஒட்டியிருந்தால் வெள்ளிக்கிழமை வருகிறவருக்கு அது போய்ச்சேரலாம். உங்களுக்கும் வரலாம். ஆகவே முதல் செலவு மெஷின் இல்லை, தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று தவணை: முதல் ஊசி, அடுத்து 1 மாதத்தில், மூன்றாவது 6 மாதத்தில். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆறு மாதம் ஆகுமே என்று கவலைப்படாதீர்கள், அந்த ஆறு மாதமும் நீங்கள் வரையப்போகிறீர்கள். ஹெபடைடிஸ் சி-க்கும் எச்ஐவி-க்கும் தடுப்பூசி கிடையாது. வேலையில் போட்ட நீடில் உங்கள் விரலில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியைப் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஸ்டெரிலைசர் என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது யூவி பெட்டி. சுத்தமான சாமானைச் சுத்தமாக வைத்திருக்க அது உதவலாம், ரத்தம் பட்ட சாமானை அது ஸ்டெரிலைஸ் செய்யாது. வெந்நீரும் செய்யாது, டெட்டாலும் செய்யாது. அதற்கு ஆட்டோகிளேவ் வேண்டும்: அழுத்தத்தில் 121 டிகிரி நீராவி, குறித்த நேரம். ஆட்டோகிளேவ் வாங்க முடியாதவர்களுக்கு நேர்மையான வழி ஒன்றுதான். தோலில் படுகிறதெல்லாம் ஒருதடவை மட்டும். நீடில், இங்க் கப், ரேசர், கிளவுஸ், விரிப்பு, எல்லாம் ஒருவரோடு முடிந்தது. நீடில் அடங்கிய கார்ட்ரிட்ஜை கஸ்டமர் கண்ணெதிரே பிரியுங்கள். கவரில் ஸ்டெரிலைஸ் செய்த குறிப்பும் காலாவதித் தேதியும் இருக்கிறதா, கவர் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். போட்ட நீடில் குத்திக் கிழிக்காத கெட்டி டப்பாவுக்குள் போகவேண்டும், அந்த டப்பா மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களிடம் போகவேண்டும். தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கையை விட்டுப் பொறுக்குகிற தூய்மைப் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோலுக்கு வருகிறேன். மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அங்கேயே நின்றுபோன இங்க் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்தோலில், ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், இங்க் உட்காரவேண்டும். அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் இங்க்கை அந்நியப் பொருள் என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் இங்க் வெளியே வருகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல் திரும்ப விழுங்கிக்கொள்கிறது. 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலித் தோலில் இதைக் காட்டினார்கள். நாம் நிலையானது என்று நினைக்கிற கோடு உள்ளே இப்படிக் கைமாறிக் கைமாறி நிற்கிறது. அதனால்தான் எந்தக் கோடும் வருஷம் போகப்போகக் கொஞ்சம் அகலமாகும். உங்கள் டிசைனில் அதற்கு இடம் விட்டிருக்கவேண்டும்.

நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிற வீடியோக்களில் முக்கால்வாசி வெள்ளைத் தோலில் போட்டவை. நம்மூர்த் தோலின் நிறம் மேல்தோலில் இருக்கிறது, இங்க் அதற்குக் கீழே இருக்கிறது. பழுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த படம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இளம் ரோஜா, வெளிர் மஞ்சள், வெள்ளை எல்லாம் ஆறியபிறகு மங்கிவிடும் அல்லது அழுக்கேறின மாதிரி தெரியும். கறுப்பும், இடையில் விட்ட வெறும் தோலும்தான் நமக்குக் கைகொடுக்கும். வெள்ளைத் தோலில் எங்கே அதிகமாகக் குத்திவிட்டோம் என்று சிவந்து காட்டிக்கொடுக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு அகப்படாது. புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், விரலால் தடவி வீக்கத்தைப் பாருங்கள். இங்க் சரியாக ஏறவில்லை என்று அதே இடத்தில் மூன்றாம் தடவை, நாலாம் தடவை போனால் தழும்பு மேடாகும், சுற்றிலும் கறுத்துப்போகும். கறுத்த தோலில் கெலாய்டு தழும்பும் அதிகம் வரும். காது குத்தின இடமோ அம்மைத் தழும்போ மேடுகட்டியிருக்கிறதா என்று உட்காரவைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடவேண்டும். கறுத்த தோலில் டாட்டூ எடுக்காது என்று சில கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். நம் கிராமத்துக் கிழவிகளின் கைகளைப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது.

என் அப்பத்தாவின் முழங்கைக்குக் கீழே ஒரு புள்ளிக்கோலம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த குறத்தி குத்தியது. தையல் ஊசிகள் நாலைந்தைச் சேர்த்து நூலால் கட்டி, கரி மையில் தோய்த்துக் குத்துவார்களாம். 1909-இல் வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் அந்த மை செய்யும் விதத்தை எழுதியிருக்கிறார்: மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படிகிற கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது. இன்றைக்கு நாம் பாட்டிலில் வாங்கும் கறுப்பும் பெரும்பாலும் கரிதான். தோலுக்கு அடியில் போனதும் அது நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது, பச்சை குத்துவது என்ற பேரும் அப்படி வந்ததே. அந்தக் காலத்தில் ஒரே ஊசி எத்தனை கைகளுக்குப் போனதோ என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்கும், அந்தப் பகுதியை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஆனால் அந்தக் கையில் ஒரு பாடம் இருந்தது. அறுபது வருஷம் கழித்தும் அப்பத்தாவின் கோலத்தில் புள்ளிகளை எண்ணமுடிந்தது. ஒவ்வொரு புள்ளியும் மிளகு அளவுக்குப் பரவியிருந்தது, ஆனாலும் ஒன்றையொன்று தொடவில்லை. குத்தினவள் அந்த இடைவெளியை அன்றைக்கே விட்டிருக்கிறாள்.

தமிழ் எழுத்துப் போடும்போது எனக்கு எப்போதும் அந்தக் கை ஞாபகம் வரும். உங்களிடம் முதலில் வருகிற நூறு பேரில் பாதிப்பேர் பெயர்தான் கேட்பார்கள்: அம்மா பெயர், பிள்ளை பெயர். தமிழ் எழுத்து முழுக்கச் சுழி. ண, ஞ, ஐ, இ எல்லாவற்றிலும் குட்டிக் குட்டி வட்டங்கள். விரல் பக்கவாட்டில் சின்னதாகக் 'கண்ணம்மா' என்று போட்டால் அன்றைக்கு அழகாக இருக்கும். சில வருஷத்தில் ண-வின் சுழிகள் அடைத்துப்போய் ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சும். சுழிக்குள் வெறும் தோல் தெளிவாகத் தெரிகிற அளவுக்குக் கீழே எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். கஸ்டமர் அடம்பிடித்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், அதற்கும் இணங்காவிட்டால் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, டிசைன் மென்பொருள் தமிழைக் கொலை செய்யும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும், எழுத்தில்லாத இடத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். அந்த வட்டத்தோடு சேர்த்தே பச்சை குத்திவிட்ட கை ஒன்று, அதை மறைத்து வேறு டிசைன் போடுகிற கவரப்புக்காக என்னிடம் வந்தது. போட்டவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனாலும் திரையில் இருப்பதைப் படமாகத்தான் பார்த்திருக்கிறார். நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கஸ்டமரையே தாளில் பெயரை எழுதச் சொல்வேன், றகரமா ரகரமா, மூன்றுசுழியா இரண்டுசுழியா என்று சத்தமாகப் படிக்கச் சொல்வேன், அதன் கீழே கையெழுத்து வாங்குவேன். ஸ்டென்சில் ஒட்டினபிறகு கண்ணாடியில் இல்லாமல் நேரே பார்த்து மறுபடி ஒருமுறை படிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இங்க் திறப்பேன்.

சரி, சாமான்கள். மெஷினின் பூர்வீகம் ஒரு ஆபீஸ் பேனா. எடிசன் 1876-இல் காப்புரிமை வாங்கிய மின்பேனா, பிரதி எடுப்பதற்காகத் தாளில் துளைபோடுகிற கருவி. அதை அடிப்படையாக வைத்துத்தான் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்றைக்கும் எடுக்கிற ஊதா ஸ்டென்சில் தாளும் பிரதியெடுக்கும் ஆபீஸிலிருந்து வந்ததுதான். சுருள் வைத்த காயில் மெஷின், மோட்டார் வைத்த ரோட்டரி என்று இரண்டு வகை. பழைய ஆட்கள் காயிலில்தான் கற்கவேண்டும் என்பார்கள். காயிலை ட்யூன் செய்யக் கற்பதில் மெஷினின் மனசு புரியும் என்பது உண்மை. என் கருத்தில் தொடக்கத்துக்கு ஒரு நல்ல ரோட்டரி பேனா போதும்: கனம் குறைவு, அதிர்வு குறைவு, கோட்டில் மட்டும் கவனம் வைக்கலாம். இருபது கலரோடு வருகிற கிட்டின் காசில் ஒரு நல்ல கறுப்பு இங்க் பாட்டில் வாங்கியிருக்கலாம். முதல் வருஷத்துக்கு உங்களுக்குக் கலர் வேண்டாம். கிட்டில் வந்த இங்க்கைத் தோலில் ஏற்றவே வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்று லேபிள் எழுதினவருக்கே தெரியாது. நல்ல இங்க்கையும் குழாய்த் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ கலக்காதீர்கள். 2011-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊரில் 19 பேருக்கு டாட்டூ போட்ட இடமெல்லாம் கொப்புளம் கிளம்பியது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு கிருமி. கலைஞரின் கைச்சுத்தத்தில் பழுதில்லை. ஏற்கெனவே தண்ணீர் கலந்து வந்த சாம்பல் இங்க்கில் அது இருந்தது.

நீடிலில் 1207 RL என்று எழுதியிருந்தால் மிரளவேண்டாம். 12 என்பது ஊசியின் தடிமன், 0.35 மில்லிமீட்டர். 10 என்றால் 0.30. அடுத்து வரும் 07 என்பது ஏழு ஊசிகள் சேர்ந்த கட்டு. RL என்றால் வட்டமாக நெருக்கிக் கட்டிய லைனர், கோட்டுக்கு. RS கொஞ்சம் தளர்ந்த வட்டம். மேக்னம் இரண்டு வரிசையாக அகன்றது, நிழலுக்கும் நிரப்புவதற்கும். மூன்று, ஏழு லைனர் இரண்டும், வளைந்த முனையுள்ள ஒன்பது மேக்னம் ஒன்றும் வாங்கினால் ஆறு மாதம் ஓட்டலாம். கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது உள்ளே மெம்பரேன் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜில் இங்க்கும் ரத்தமும் பின்னால் மெஷினுக்குள் ஏறிவிடும், அப்புறம் எத்தனை நீடில் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. நைட்ரைல் கிளவுஸ், மெஷினுக்கும் வயருக்கும் மாட்டும் பிளாஸ்டிக் உறை, பச்சை சோப்பு, ஸ்டென்சில் தாள், ஸ்டென்சில் திரவம், இவை மற்றவை.

கோட்டைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு புத்தகம் எழுதுவேன். வலது கை மெஷினைப் பிடிக்கிறது, ஆனால் கோட்டைப் போடுவது இடது கை. தோலை மூன்று பக்கம் இழுத்து, பறைத்தோல் மாதிரி விறைப்பாகப் பிடிக்கவில்லை என்றால் நீடில் துள்ளும், கோடு நடுங்கும். ஸ்டென்சிலில் கீழ் வலது மூலையிலிருந்து தொடங்கி மேலே போங்கள், இல்லையென்றால் துடைக்கத் துடைக்க இன்னும் போடாத இடம் அழிந்துவிடும். விரலை மட்டும் அசைத்தால் கோடு வளையும், முழங்கையிலிருந்து இழுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இழுங்கள். மெஷினின் சத்தம் சீராக இருக்கும்போது கை மெதுவாகப் போனால் தோல் சிதையும், வேகமாகப் போனால் கோட்டில் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேகத்தைத்தான் வோல்ட் என்று என்னிடம் கேட்கிறீர்கள். பல ரோட்டரி பேனாக்கள் 6-க்கும் 9-க்கும் நடுவில் ஓடும். ஆனால் உங்கள் கையின் வேகம் எனக்குத் தெரியாமல் எண்ணை மட்டும் சொல்லி என்ன பயன்? ஒரே கோட்டை 6-இல், 7-இல், 8-இல் பிராக்டிஸ் ஸ்கின்னில் போட்டுப் பாருங்கள், கை பதில் சொல்லும். ரப்பர் தோல் ரத்தம் விடாது, வீங்காது, வலியில் நெளியாது. அதில் நூறு தாள் முடித்தாலும் முதல் மனிதக் கையில் உங்கள் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அந்த ஆசிரியரை எப்படித் தேடுவது? அன்றைக்குப் போட்டு முடித்த, வாஸ்லின் பளபளக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனபின் எடுத்த படம் கேளுங்கள். கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். போன் எடுத்துவிட்டு கிளவுஸ் மாற்றுகிறாரா, குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறாரா, ஊசி டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாளில் ஆர்டிஸ்ட் ஆக்குகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வருஷம் ஆகும் என்று சொல்கிறவரை நம்பலாம். சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் எப்படி ஓட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் காலையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தேன், மதியத்துக்கு மேல் ஸ்டுடியோ. கல்யாண மெஹந்தி போட்டுச் சம்பாதிக்கிற தங்கைகள் இருக்கிறார்கள், அந்தக் கை இந்த வேலைக்கு நன்றாக உதவும்.

உட்காரவைப்பதற்கு முன் கேட்கவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வயசு 18 ஆகிவிட்டதா, கார்டைப் பார்த்துத்தான் நம்பவேண்டும். சாப்பிட்டாரா? வெறும் வயிற்றில் வருகிறவர்கள்தான் மயங்கிவிழுவார்கள். சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கர்ப்பம், அலர்ஜி? அடுத்த ஒரு வருஷத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது என்று சொன்னீர்களா? அப்புறம் நம் ஊர்களில் அவசியமாகக் கேட்கவேண்டியது: "ஆர்மி, போலீஸ் ஏதாவது எழுதுறீங்களா?" ராணுவத்தில் பொதுவாக முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் உள்ள டாட்டூவைத்தான் அனுமதிக்கிறார்கள், பழங்குடி மரபுக்கு மட்டும் விலக்கு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் தோள்பட்டையில் சிங்கம் போடவந்தான். காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆள்சேர்ப்பு விதியைப் படித்துவிட்டு வா என்று அனுப்பினேன். முகம் சுண்டிப்போய்த்தான் போனான். போன வருஷம் யூனிஃபார்மில் வந்து ஒரு பாக்கெட் அல்வா கொடுத்தான்.

மருத்துவர் செய்யவேண்டியதை நாம் செய்யக்கூடாது. மச்சத்தின் மேல் போடாதீர்கள். மரத்துப்போகும் கிரீமைக் கை முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிவைக்காதீர்கள், லிடோகெய்ன் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் பிள்ளைகளின் நாக்கைப் பிளந்துவிட்டுக் கைதானவர்களின் செய்தியை எல்லாரும் படித்திருப்பீர்கள். டாட்டூ ஆறுகிற காலத்துக்காகக் கஸ்டமரிடம் சொல்லவேண்டியது: இரண்டு மூன்று வாரம் கிணறு, ஆறு, குற்றாலம், கடல் எதுவும் வேண்டாம், மஞ்சள் பூசவேண்டாம், பொருக்கைப் பிய்க்கவேண்டாம், வண்டி ஓட்டும்போது வெயிலுக்கு மறைவாகத் தளர்ந்த முழுக்கைச் சட்டை போடவேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உங்களுக்குப் போன் செய்யாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கதவு திறந்திருக்கும், நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது, காசு வேண்டாம். வரும்போது மெஷின் கொண்டுவரவேண்டாம். மூன்று ஊசி லைனரில் பத்து சென்டிமீட்டர் நேர்கோடு நூறு, ஐந்து ரூபாய் நாணய அளவில் வட்டம் நூறு, உங்கள் அம்மாவின் பெயர் பத்துத் தடவை, இவற்றைப் பிராக்டிஸ் ஸ்கின்னில் போட்டு எடுத்துவாருங்கள். நல்லதை மட்டும் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், கெட்டதில்தான் எனக்கு வேலை. கூடவே முதல் தவணைத் தடுப்பூசி போட்ட சீட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
மதுரை